ஊமையான கணனி



கொமடோர் 64 என்பது 1982ஆம் ஆண்டிலே சந்தைக்கு வந்த ஒரு வீட்டுக் கணனி. அதனை ஆக்கிய நிறுவனம் 1994இல் முறிந்துபோயிற்று. எனினும், அக்கணனியைப் பேணி வைத்திருப்போர் உலகின் பல பாகங்களிலும் இன்றும் உளர். அவர்கள் அதனை விரும்புதற்குப் பெருங்காரணம் அதன் குரலாகும். றொபேட் யானெஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த 'சிட்' என்ற ஒலிச் சிப், மூன்று குரல்களை ஒருங்கே எழுப்பவல்லது.

அத்தகைய கணனி ஒருநாள் ஊமையானால் யாது செய்வது? சிப் இறந்துவிட்டது எனப் பலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுவர். அசல் சிப் இப்பொழுது உற்பத்தியாவதில்லை. அதன் பெயரால் போலிகளும் விற்கப்படுகின்றன. ஆகவே, குற்றமற்ற சிப்பைக் கழற்றி எறிதல் ஈடுசெய்தற்கரிய இழப்பாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னர் மின்வழங்கியை அளந்து பார்த்தல் வேண்டும். அக்காலத்து மின்வழங்கிகள் முதுமையடையும்போது, 5 வோல்ற் தரவேண்டிய கம்பியிலே அதனின் மிகுந்த மின்னழுத்தம் பாய்வதுண்டு. அது சிப்களைக் கொன்றுவிடும். ஐயத்துக்குரிய மின்வழங்கியோடு கணனியை இயக்காதிருத்தலே நன்று.

இரண்டாவதாக, மௌனம் எல்லாம் பழுதாகாது. இயக்கியவுடன் இக்கணனி பேசுவதில்லை. ஒலியளவு சுழியத்திலே நிற்கும். 'போக்' என்னும் கட்டளையினால் 54296 என்ற முகவரியில் 15 என்னும் எண்ணை இடுக. பின்னர் 54278இல் 240, 54273இல் 17, 54276இல் 17 என முறையே இடுக. இடையறாத ஓர் ஒலி எழுதல் வேண்டும்.

எழவில்லையேல் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்குவோம். வானொலி நேயர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். கணனியானது ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் போன்று, படத்தையும் ஒலியையும் அலைகளாக்கிக் கம்பி வழியே பெட்டியின் அன்ரனாத் துளைக்கு அனுப்புகின்றது. பிரித்தானிய முறையிலே ஒலியலை பட அலையிலிருந்து 6 மெகாஹேட்ஸ் விலகி நிற்கும். இலங்கை கைக்கொண்ட முறையிலோ 5.5 மெகாஹேட்ஸ். ஆதலால், இலண்டனிலிருந்து கொண்டுவந்த கணனியை, இங்குள்ள முறைக்கு மாத்திரம் அமைந்த பெட்டியில் இணைத்தால், படம் தெளிவாகத் தோன்றும், ஒலியோ வாராது. கணனியிலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. ஒன்றின் பேச்சு மற்றதன் செவிக்கு எட்டவில்லை, அவ்வளவே. மின்னை நிறுத்திவிட்டு, கணனியின் பின்புறத்திலுள்ள வட்டத் துளையின் 3ஆம் முனையிலிருந்து ஒலியைத் தனிக் கம்பியினால் ஒலிபெருக்கிக்கு எடுத்தால் குறை தீரும்.

அங்கும் ஒலி இல்லையேல், சிப்பையே வினவலாம். 54287இல் 255, 54290இல் 128 இட்டு, 54299 என்ற முகவரியைப் 'பீக்' கட்டளையால் மீண்டும் மீண்டும் படித்துப் பாருங்கள். எண்கள் மாறிக்கொண்டிருப்பின், சிப்பினுள்ளே உயிர் உண்டு. அப்பொழுது அதன் 28ஆம் காலில் வரும் மின்னழுத்தத்தையும், ஒலி வெளியேறும் 27ஆம் காலுக்கு அப்பாலுள்ள திரான்சிஸ்டர், மின்தேக்கி ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். எல்லாம் செவ்வையாயிருந்தும் குரல் எழாவிடின், அப்பொழுதுதான் சிப்பை ஐயுறலாம்.

மாற்று சிப் இடுவோர் ஒன்றை மறத்தலாகாது. 6581 என்ற பழைய வகைக்கு 12 வோல்ற். 8580 என்ற பிந்திய வகைக்கு 9 வோல்ற். பிந்தியதைப் பழைய பலகையிற் பொருத்தினால், அரிதிற் கிடைத்த சிப்பும் கெட்டொழியும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதிலே பழகிய உண்மை ஒன்று புலப்படும். வாய் திறவாத மாணாக்கன் அறியாதவன் என்று கொள்ளுமுன், கேள்வி அவனுக்குக் கேட்டதா என விசாரித்தல் நம் கடமை. பொறிக்கும் அந்நீதியை வழங்குவோமாக.