பள்ளத்துப் பனிக்கு மேட்டில் கணக்கா?

(நாயுடுபுரம் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



நம்ம அப்பா காலத்தில் சித்திரையில் கோடை மழை, மார்கழி, தையில் பனி என்று ஒரு முறை இருந்தது. அதை நம்பி விதைச்சாங்க. இப்போ பூண்டு காய வேண்டிய நேரத்தில் மழை கொட்டுது. பூமி சூடாகுதுங்கிறாங்க. அதுக்கு நாம எத்தனை கார் ஓட்டினோம்? 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையிலிருந்து இந்த மலை வரைக்கும் ஏறி வந்து மரங்களைச் சாய்ச்சதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

என் கதையையே சொல்றேன். பள்ளத்துத் தோட்டத்தில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு, கடன் வாங்கிப் போட்டது. ஒரே ராத்திரி உறைபனி. விடிஞ்சு பார்த்தா வெந்நீர் ஊத்தின மாதிரி செடி கருகிக் கிடக்கு. பக்கத்து மேட்டுத் தோட்டமோ பச்சையா நிக்குது. குளிர்ந்த காற்று தண்ணி மாதிரி பள்ளத்தில்தான் இறங்கித் தங்கும். இது நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்சூரன்ஸ் கேட்டுப் போனேன். "பிர்கா சராசரி மகசூல் குறையலையே" என்று ஒரே வரியில் முடிச்சு அனுப்பிட்டாங்க.

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு விவசாயி கட்டுவது 2 சதவீதம் வரை, தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் வரை. கூடக் கட்டுறது நாம. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, தண்ணீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னல் தீ, இவற்றுக்குத் தனித்தனித் தோட்டமாகப் பார்க்க விதி இருக்கு. உறைபனி அதில் இல்லை! சமவெளியை நினைச்சு எழுதின விதி, மலையில் என்ன செய்யும்?

காட்டுமாடு, பன்றி அழிச்சதுக்கும் 2026 காரீப் பருவத்திலிருந்து காப்பீடு தரலாம் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவிச்சது. ஆனா எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநில அரசு பட்டியல் போடணும். கொடைக்கானல் வட்டம் முழுக்க அந்தப் பட்டியலில் வரணும். உறைபனியையும் தனித் தோட்டக் கணக்கில் சேர்க்கணும். இதுதான் நம் கோரிக்கை.

இன்னொரு விஷயம். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் சொல்லணும். 14447-க்கு போன் பண்ணலாம். மலையில் டவர் கிடைக்காத ஊர்க்காரங்க என்ன செய்வாங்க? கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தாலும் செல்லும் என்று உத்தரவு போடச் சொல்லிக் கேட்போம்.

வரும் திங்கள் காலை 10 மணிக்கு கோட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுறோம். சிட்டா, அடங்கல் நகல், பிரீமியம் கட்டின ரசீது கொண்டு வாங்க. குத்தகைக்கு விதைச்சவங்களும் வரணும். அவங்க பேர் எந்தக் கணக்கிலும் இல்லை.