துணியை அவி, பிள்ளையை அவிக்காதே

(விருதுநகர் மாவட்டத்தில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சொறி சிரங்கு பற்றிப் பேசப்போறேன்னதும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டுது. சிரிங்க. ஆனா ‘சொறி பிடிச்ச பய’ என்ற வசவு எந்தத் தெருப் பிள்ளைகள் மேல் வீசப்பட்டது என்பதையும் யோசிங்க. அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

எட்டாவது படிக்கையில் ஒரு விடுதியில் இருந்தேன். ஒரே அறை, இருபது பிள்ளைகள், ஒட்டி ஒட்டிப் படுக்கணும். விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. ராத்திரியானா உயிர் போகும். ‘சேரியிலருந்து அழுக்கைக் கொண்டாந்துட்டா’ என்று என்னை வராந்தாவில் படுக்க வைத்தார்கள். கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணி ஊத்தினா பூச்சி செத்துரும் என்று யாரோ சொல்ல, ஊத்தினார்கள். தோல் வெந்துபோச்சு. அரிப்பு நிக்கலை. அந்தத் தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கு.

லீவுக்கு ஊருக்குப் போனப்ப எங்க அப்பத்தா பார்த்துட்டு, “துணிய அவிக்கணும்டி, புள்ளய அவிப்பாகளா?” என்று கேட்டாள்.

அப்பத்தா சேரி சனங்களுக்கு வெளுத்த புதிரை வண்ணாத்தி. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். ஆனா அவள் சொன்னதுதான் மருத்துவம்.

எப்படின்னு சொல்றேன். சொறியை உண்டாக்குவது ‘சார்காப்டஸ்’ என்ற சிறு உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து, உள்ளே தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். 50 டிகிரி சூட்டில் பத்து நிமிஷம் வைத்தால் உண்ணி சாகும். அதே சூட்டில் பத்து நிமிஷம் மனிதத் தோலை வைத்தால் தோலும் வெந்துபோகும். அதனால் சூடு துணிக்கு. உடம்புக்கு மருந்து. கலந்துட்டா எனக்கு ஆன கதிதான்.

‘சூடு வைத்துக் குணமாக்குற ஒட்டுண்ணி நோயே இல்லையா?’ என்று கேட்பீங்க. இருக்கு. ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா புண்ணுக்கு, மரப்பு ஊசி போட்டு, ஒரு கருவியால் 50 டிகிரி சூட்டை 30 விநாடி கொடுக்கிறார்கள். அது ஓரிடத்துப் புண். சூட்டை அளந்து கொடுக்கும் கருவி இருக்கு. சொறி உடம்பெல்லாம் பரவுவது. இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுறதுக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இன்னொன்று, நம்ம பட்டாசுச் சீமைக்கே உரியது. கந்தகம் சொறிக்குப் பழைய மருந்து. களிம்பாக இன்றும் டாக்டர்கள் கொடுப்பதுண்டு. அதை நம்பி ஆலையிலிருந்து தூளை மடியில் முடிந்து வந்து, எண்ணெயில் குழைத்துப் பிள்ளைக்குப் பூசியவர்களைப் பார்த்திருக்கேன். ஆலையில் கலக்குவதையும் நாம ‘மருந்து’ என்றுதான் சொல்றோம். அந்த மருந்தில் வெடியுப்பும் அலுமினியத் தூளும் இருக்கு. தோலுக்கும் ஆகாது, அடுப்புப் பக்கமும் ஆகாது. வேலைக்குக் கட்டிய துணியை வீட்டுக்கு வெளியே நிறையத் தண்ணியில் அலசாமல் வெந்நீர் அடுப்புகிட்ட கொண்டுபோகாதீங்க. ஆலைத் தூள் பட்டும் தோல் அரிக்கும். ராத்திரி அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், அரை, அதோடு வீட்டில் இன்னொருத்தருக்கும் அரிப்பு என்றால் சொறி என்று சந்தேகப்படுங்க.

என்ன செய்வது? பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை ராத்திரி கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி, காலையில் குளிக்கணும். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக்கூடாது, தோல் ஆறியிருக்கணும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூசணும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். அரிப்பில்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் பூசணும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதே நாளில் துணி, போர்வையை அவியுங்க. விறகோ கேஸோ கட்டுப்படியாகலைன்னா பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைங்க, உண்ணி பட்டினியில் சாகும்.

துணியை மட்டும் அவித்துவிட்டு இருந்தாலும் பலனில்லை. 1941-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்பவர் சோதித்தார். சொறி வந்தவர்களின் போர்வை, உள்ளாடையைத் தொண்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மிகச் சிலருக்கே தொற்றியது. பரப்புவது பெரும்பாலும் உடம்போடு உடம்பு நெடுநேரம் ஒட்டியிருப்பது. ஆக, சொறி அழுக்கால் வருவதல்ல. நெருக்கடியால் வருவது. ஒரே அறை வீட்டில் எட்டுப் பேரை யார் படுக்க வைத்தது? ஊருக்கு ஒதுக்குப்புறமா அந்த மூணு சென்ட்டை அளந்து கொடுத்தது யாரு? அதைக் கேட்காமல் சோப்புப் போடச் சொல்றவனிடம் ஏமாறாதீங்க.

இது சில்லறை நோயும் இல்லை. சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் சிறுநீரகம் வரை கெடும். உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. நோயைப் புறக்கணிப்பது என்றால் நோயாளியைப் புறக்கணிப்பதுதான். பிஜித் தீவுகளில் ஊர் மொத்தத்துக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். 32 சதவீதம் இருந்த சொறி ஓராண்டில் 2 சதவீதத்துக்குக் கீழே வந்துட்டது. 2015-ல் வெளியான முடிவு இது. ஊரே சேர்ந்தால் ஒழியும்.

கடைசியா அப்பத்தாவுக்கு வர்றேன். சிவகாசி, சாத்தூர் பக்கமெல்லாம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த ஜில்லாவில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு, நள்ளிரவுக்கு மேல் விடிவதற்குள் வெளுக்கணும் என்று 1932 டிசம்பரில் ‘தி இந்து’வில் செய்தி வந்தது. உவர்மண்ணில் முக்கிய துணியை வெள்ளாவிப் பானை மேல் அடுக்கித் தீ மூட்டுவாள் அப்பத்தா. ராத்திரி முழுக்க ஆவி ஏறும். தீட்டுத் துணி, பேறுகாலத் துணி, நோயாளி துணி எல்லாம் அதில் சுத்தமாகும். ஊர் நோயை அவித்தவளுக்குக் கூலி, ராச்சோறு. அவளைத் தொடாதவர்களில் நம்ம சேரியும் உண்டு. இதைச் சொல்லாமல் விடுதலை பேச எனக்கு வாய் வராது. வெள்ளாவியைப் புகழச் சொல்லலை. அந்தத் தொழில் யார் தலையிலும் பிறப்பால் விழக்கூடாது. அறிவு அவளுடையது என்று சொல்லுங்க, போதும்.

நீங்க செய்ய வேண்டியது மூணு. ஒரு பிள்ளைக்குச் சொறி என்றால் வீட்டுக்கே மருந்து கொடுக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. விடுதியில் ஆளுக்கொரு பாய், போர்வை, எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து என்று மனு கொடுங்க. எந்தப் பிள்ளையையும் வராந்தாவுக்கு அனுப்ப விடாதீங்க. மருந்து போட்ட மறுநாளே அது பள்ளிக்கூடம் போகலாம். போகணும்.