செம்பின் களிம்பு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் 1994இல் உயர்தர வகுப்பில் இருந்தவர்கள். பொருளாதாரத் தடைக் காலம். இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். ஆய்வுகூட அலுமாரியில் செப்புக் காபனேற்றுப் போத்தல் ஒன்று இருந்தது; அடியில் இரண்டு கரண்டிப் பச்சைத் தூள். முடிந்தால் இனி வராது. ஆகவே சமன்பாட்டைக் கரும்பலகையில் பார்த்துப் பாடமாக்குவோம், தூளைத் தொடமாட்டோம்.

செம்பில் களிம்பு போல ஆணவமலம் உயிரோடு அநாதியாகவே கூடியிருக்கிறது என்று சைவசமய பாடத்தில் படித்திருந்தோம். அதை நினைத்து ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், களிம்பு செம்போடயே பிறந்ததோ?"

ரீச்சர் சிரித்தார். "உவமையை உவமையா விடு பிள்ளை. செம்பு தனிய இருந்தாப் பச்சை வராது. ஒட்சிசனும் ஈரமும் காபனீரொட்சைட்டும் சேரவேணும்."

அது தனிக் காபனேற்று அல்ல, செப்பு ஐதரொட்சைட்டும் சேர்ந்த மூலக் காபனேற்று என்று விளக்கியவர், சொல்லிக்கொண்டே போத்தலை எடுத்தார். எங்களால் நம்பமுடியவில்லை. ஸ்பிரிற் விளக்கில் சூடாக்கினார். பச்சை மெல்லக் கறுத்தது. அது செப்பு ஒட்சைட்டு. குழாயின் வாயருகே நீர்த்துளிகள். வெளிவந்த வாயு, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைப் பாலாக்கியது. 221 கிராமைச் சூடாக்கினால் 159 கிராம் ஒட்சைட்டு, 44 கிராம் காபனீரொட்சைட்டு, 18 கிராம் நீர். மனப்பாடமாக இருந்த எண்கள் அன்றுதான் பொருளாயின. மிச்சத் தூளில் வினாகிரி ஊற்றினோம். நுரைத்து, நீலப்பச்சைக் கரைசலானது.

போத்தல் வெறுமை. எங்களுக்குப் பின் வந்தவர்களின் பங்கையும் நாங்களே பார்த்துவிட்டோம் என்ற உறுத்தல் இன்றும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்தபோது அந்த அலுமாரியும் இல்லை.

மருத்துவம் படிக்கப் போனபோது அந்த நுரை எங்களுக்கு மறுபடி உதவியது. வயிற்றிலும் அமிலம்தானே. களிம்பு உள்ளே போனால் கரைந்து செப்பு உப்பாகிக் குடலை எரிச்சலூட்டும். குமட்டும், வாந்தி வரும். அம்மம்மாமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவித்ததும், புளிச் சாப்பாட்டை வெறும் செம்பில் வைக்காததும் இதனால்தான். பழப்புளி போட்டு மினுக்கும்போது நடப்பதும் நாங்கள் வினாகிரியில் கண்டதுதான். ஆனால் அங்கே கரைந்த செப்பு கழுவுநீரோடு போய்விடும். சாப்பாட்டில் என்றால் எங்களுக்குள் வரும்.

இப்போது செப்புத் தண்ணீர்ப் போத்தல் பரிசாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாரே, அதற்குள் தேசிக்காய்ச் சாறு மட்டும் விடாதீர்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மினுக்கிக் கழுவாமல் குடிக்கவேண்டாம்.

நூற்றாண்டு நிதியில் ஆய்வுகூடத்துக்கும் ஒரு பங்கு என்று சங்கம் சொல்லியிருக்கிறது. பெரிய கருவிகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதில் செப்புக் காபனேற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே சூடாக்கிப் பார்க்கும் அளவுக்கு வாங்குங்கள். எங்கள் பிரிவு அதற்கான பணத்தைத் தருகிறது.