அரங்கும் வட்டும்

 

இப்பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பேசுமாறு அழைத்தவர்கள், தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். கம்பனையோ இளங்கோவையோ எதிர்பார்த்து வந்திருப்பவர்களுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வியப்பைத் தரலாம். திண்ணையிலும் முற்றத்திலும் கோயில் மண்டபத்திலும் உறவினரும் நண்பரும் எதிரெதிர் அமர்ந்து ஆடிய பலகையாட்டங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் தாயமும் இலக்கிய மேடைக்கு உரியவையா என்னும் ஐயம் எழுமானால், அதனை நம் இலக்கியங்களே தீர்த்து வைக்கும்.

முதலில் ஒரு தடையை அகற்றிக்கொள்வோம். வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதினைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆதலின் காய் உருட்டும் ஆட்டமெல்லாம் கடியத்தக்கன என்று கருதுவோர் உளர். ஆனால் அதே வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நிரம்பிய நூலறிவு இன்றி அவையில் பேசப் புகுவது, கட்டம் வரையாமலே காய் உருட்டி ஆடுவதைப் போன்றது என்கிறார். கட்டத்தை அரங்கு என்றும் காயை வட்டு என்றும் குறிக்கிறார். அவைக்கு நூலறிவு எப்படியோ, ஆட்டத்திற்கு அரங்கு அப்படி என்பது உவமை. அவர் கடிந்தது பணயத்தை; ஆட்டத்தின் ஒழுங்கை அன்று. பொருளை வைத்து ஆடுவது சூது. அறிவை வைத்து ஆடுவதே நாம் இன்று பேசும் ஆட்டம்.

இதனினும் பழைய சான்று தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. எழுத்ததிகாரத்துப் புள்ளி மயங்கியலில், வல் என்னும் சொல் நாய், பலகை என்னும் சொற்களோடு புணரும் முறைக்குத் தனியே விதி கூறப்படுகிறது. வல் என்பது ஆட்டத்தின் பெயர்; நாய் என்பது அவ்வாட்டத்தின் காய். மக்கள் நாவில் நாளும் வழங்காத சொல்லாயின், அதற்கென ஒரு நூற்பாவை இலக்கண ஆசிரியர் வகுத்திருப்பாரா? காய்க்கு ஓர் உயிரின் பெயரை இட்டு ஆடும் வழக்கம் அத்துணைப் பழமையானது என்பதையும் இங்கே கருதுதல் வேண்டும். நாய் காயாக நின்ற பலகைக்கும், ஆடும் புலியும் காயாக நிற்கும் பலகைக்கும் இடையே ஒரு மரபு தொடர்ந்து வருகிறது.

சங்கப் பாடல்களில் இவ்வாட்டம் வரும் இரண்டு இடங்களை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பாண்டியன் பகைவரின் நாடு பாழ்பட்டதைச் சொல்கிறார். நரைத்த முதியோர் காயிட்டு ஆடி ஆடிக் குழிந்துபோன வல்லரங்கில் இன்று காட்டுக்கோழி முட்டையிடுகிறது என்பது அவர் காட்டும் காட்சி. அகநானூற்றின் 377ஆம் பாடல் மாறோக்கத்துக் காமக்கணி நப்பாலத்தனார் பாடியது. நடுங்கும் தலையைத் தாழ்த்தி, இதுவா அதுவா என்று மனம் இருவழிப்பட்டு முதியோர் ஆடிய பலகையை இப்போது கறையான் அரிக்கிறது என்று அவர் பாடுகிறார். நகர்த்தலாமா, நிறுத்தலாமா என்று ஆடுவோர் மனம் கிளைவிடும் அந்த நொடியை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், அருகில் அமர்ந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும்.

இவ்விரு பாடல்களும் வேறு வேறு திணையைச் சார்ந்தவை, பாடியவர்களும் வேறு. எனினும் ஓர் ஊர் பாழாயிற்று என்பதைக் காட்ட இருவரும் தேர்ந்தெடுத்த அடையாளம் ஒன்றே. இடிந்த கோட்டையும் வற்றிய குளமும் அவர்கள் கண்ணில் படாமல் இருந்திரா. ஆயினும் ஆடுவார் இல்லாத பலகையையும் அவர்கள் காட்டினார்கள். மனிதர் கூடி அமர்ந்து ஆடும் இடம் உயிரோடு இருந்தால் ஊர் உயிரோடு இருக்கிறது என்பது அவர்தம் கணிப்பு. என் பேச்சின் மையமும் இதுவே.

இனி நாம் நன்கறிந்த ஆடுபுலி ஆட்டத்திற்கு வருவோம். உச்சியிலிருந்து விரியும் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளுமாக 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலிக்குத் தாண்டி வெட்டும் உரிமை உண்டு. ஆட்டிற்கு எதையும் வெட்டும் உரிமை இல்லை. 15 ஆடுகளும் ஒவ்வொன்றாகப் பலகையில் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் இடம்பெயரவும் கூடாது. பார்ப்பதற்கு இது நீதியற்ற ஆட்டம். ஆனால் பின்னால் துணை நிற்கும் ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது. இறங்க வெற்றிடம் இருந்தால்தான் புலியின் பாய்ச்சல் பலிக்கும். ஆடுகள் நெருங்கி நின்று அந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால், மூன்று புலிகளும் நின்ற இடத்திலேயே கட்டுண்டு போகும்.

திருக்குறளில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களை மாணவர்களுக்கு நடத்தும்போது நான் இப்பலகையையே துணைக்கொள்வது வழக்கம். எந்த ஆட்டை இழந்தால் எது கிடைக்கும் என்று எண்ணுவது தெரிந்துசெயல்வகை. புலியின் வலியையும் தன் வலியையும் சீர்தூக்குவது வலியறிதல். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை பொறுத்திருப்பது காலமறிதல். தாண்டி இறங்க இடமில்லாத முனைகளில் ஆட்டை முதலில் நிறுத்துவது இடனறிதல். அரசனுக்குச் சொன்ன நான்கு அதிகாரங்களும் நம் பாட்டிமார் கரிக்கட்டியால் தரையில் கிழித்த கோட்டிற்குள் அடங்கிவிடுகின்றன. சிறுவர்கள் எப்போதும் புலியையே கேட்பார்கள். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறியாக வேண்டும் என்னும் வழக்கம் அவர்களை ஆட்டின் பக்கம் நின்றும் சிந்திக்க வைக்கிறது. வலியவனாக இருந்து பழகியவன் எளியவனாக இருந்து எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிட எளிய பள்ளி எது?

பல்லாங்குழி வேறொரு பாடத்தைச் சொல்கிறது. பக்கத்திற்கு 7 குழி, குழிக்கு 5 முத்து என்று தொடங்கினால் ஆளுக்கு 35. இருவரும் சமம். முதல் கை எடுத்த உடனேயே அச்சமன் குலைகிறது. நான்கு முத்துச் சேர்ந்த குழி ‘பசு’வாகி உரியவர் கைக்குப் போகிறது. வெற்றுக்குழியைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்கிறோம். அடுத்த சுற்றில் தோற்றவர் தம் குழிகளை நிரப்பவும் முத்தின்றி ஆட வேண்டும். நெல்லைச் சீமை தந்த ஆய்வறிஞர் தொ. பரமசிவன் 1997இல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் இவ்வாட்டத்தை ஆராய்ந்து, சமத்துவம் குலைந்து தனியுடைமை உணர்வு தோன்றியதன் சுவட்டை இதில் கண்டார். பெண்கள் பொழுதுபோக்கென்று ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்து சமூக வரலாற்றைப் படித்துக் காட்டிய அவர் 2020இல் மறைந்தார். அவர் காட்டிய வழி நமக்கு இருக்கிறது.

இதே சிந்தனை கடல் கடந்தும் தோன்றியுள்ளது என்பது வியப்பிற்குரியது. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்னும் பெண்மணி, நிலம் ஒரு சிலர் கையில் குவிவதால் விளையும் கேட்டினை மக்களுக்கு உணர்த்த ஒரு பலகையாட்டத்தை உருவாக்கி, 1904இல் காப்புரிமை பெற்றார். செல்வம் எல்லார்க்கும் பயன்படும்படி ஆடும் விதி ஒன்று, ஒருவரே அனைத்தையும் பற்றிக்கொள்ளும் விதி ஒன்று என இருவகை விதிகளையும் அமைத்தார். 1935இல் ‘மோனோபொலி’ என்று பெரிய நிறுவனம் ஒன்று வெளியிட்டபோது எஞ்சியது பற்றிக்கொள்ளும் விதி மட்டுமே. நம் வீடுகளில் ‘பிசினஸ்’ என்று பிள்ளைகள் ஆடுவது அதன் வழிவந்ததே. 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் அமைத்த ‘கட்டான்’ ஆட்டத்திலோ, ஒரு தீவில் குடியேறுவோர் மரமும் செங்கல்லும் கம்பளியும் தானியமும் தாதும் தமக்குள் பண்டமாற்றுச் செய்து வழியும் ஊரும் அமைக்கின்றனர். ஆட்டத்திற்கு எடுத்துக்கொள்ளும் கதை வெறும் அலங்காரம் அன்று. ஒரு சமூகம் எதைக் குறித்துக் கவலைப்படுகிறது என்பதை அக்கதை சொல்லிவிடுகிறது.

நம் முன்னோர் விதியின் பங்கையும் மறக்கவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் ஏற்றமும் சறுக்கலும் முழுவதும் உருட்டலில் அடங்கியவை. தாயத்தில் உருட்டல் பாதி, அறிவு பாதி. விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். ஆடுபுலி ஆட்டத்தில் உருட்டலுக்கே இடமில்லை. ஊழ், ஊழோடு முயற்சி, முயற்சி மட்டும் என்று மூன்று நிலைகளையும் ஒரே வீட்டில், ஒரே மாலைப் பொழுதில் பழகிய மக்கள் நாம்.

இவ்வாட்டங்களின் தனிச்சிறப்பு இன்னொன்று உண்டு. பலகையின் முன் அமர்ந்துவிட்டால் வயதும் உறவுமுறையும் சற்றே ஒதுங்கி நிற்கும். மாமியாரின் குழியை மருமகள் துடைக்கலாம். தாத்தாவின் புலியைப் பேத்தி கட்டலாம். வீட்டின் பெரிய முடிவுகளில் வாய் திறக்க இடம் பெறாத பெண், இங்கே எண்ணி, கணக்கிட்டு, முடிவெடுத்து, வென்றிருக்கிறாள். அவள் அறிவிற்கு அவ்வீட்டில் கிடைத்த ஒரே அவை அதுவாகவும் இருந்திருக்கலாம். ஏட்டில் ஏறாத அந்த அறிவின் வரலாற்றை நாம் எழுத வேண்டாமா?

அவையோரே, சதுரங்கத்திற்கு இன்று உரிய பெருமை கிடைத்திருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். மகிழ்கிறோம். ஆனால் சதுரங்கத்தின் விதிகள் உலகெங்கும் அச்சில் உள்ளன. ஆடுபுலி ஆட்டத்தில் எத்தனை ஆடு வெட்டப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். பல்லாங்குழியில் எத்தனை வகை, எந்தக் குழிக்கு என்ன பெயர் என்பனவும் அப்படியே. இவற்றை அறிந்தவர்கள் முதியவர்கள். அவர்களோடு விதியும் போய்விடும், சொல்லும் போய்விடும். கோயில் மண்டபங்களிலும் பாறைகளிலும் வெட்டப்பட்ட ஆட்டக் கட்டங்களும் திருப்பணியின்போது புதிய தளக் கற்களின் அடியில் மறைந்துபோகக் கூடும்.

ஆகவே இவ்விலக்கிய வட்டத்திற்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரோடு ஒரு மாலை அமர்ந்து ஆடுங்கள். ஆடி முடித்தபின் ஊரின் பெயர், காய்களின் எண்ணிக்கை, விதிகள், ஆட்டத்தினிடையே வழங்கும் சொற்கள், பாடல்கள் ஆகியவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொண்டுவாருங்கள். திருத்த வேண்டா, நாகரிகப்படுத்த வேண்டா. சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர்களிலிருந்து வரும் குறிப்புகளைத் தொகுத்தாலே ஒரு நல்ல நூல் உருவாகும். அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒழுங்குசெய்யும் பணியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

ஆடித்தபசு காணும் இவ்வூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வாதிட்டதையும், கோமதியம்மன் தவத்திற்கு இரங்கி இருவரும் ஓருருவாய்க் காட்சி தந்ததையும் இவ்வூர்க் குழந்தையும் அறியும். எதிரெதிர்ப் பக்கங்கள் பகையாக வேண்டியதில்லை என்பதை அறிந்த ஊர் இது. எதிரில் ஒருவர் அமர்ந்தால்தான் ஆட்டமும் உண்டு. நம் ஊர்ப் பலகைகளில் கறையான் ஏறாதிருக்க வேண்டுமாயின், அவற்றின் இருபுறமும் நாம் அமர்ந்திருத்தல் வேண்டும்.