துபாஷி வேலையும் சேரிப் பிள்ளைகளும்

(கோரிமேட்டில் இளைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு படிச்சா பிழைக்க முடியுமா, எந்தக் கம்பெனியிலயும் சேராம தனியா நின்னு அந்தத் தொழிலைப் பண்ண முடியுமா என்று கேட்டிருந்தீங்க. முடியும். பல வருஷமா நான் அதைத்தான் செய்கிறேன். பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் படம் எடுக்க, பத்திரிகைக்கு எழுத, ரேடியோவுக்குப் பேட்டி எடுக்க ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, பேசக்கூடிய மனுசர்களைக் கண்டுபிடிப்பது, அனுமதி வாங்குவது, கூட நின்று மொழிபெயர்ப்பது, திரும்பிப் போனபிறகு பதிவைக் கேட்டு வரிவரியாக எழுதி அனுப்புவது. இதுக்கு இப்போ 'ஊடக ஆலோசகர்' என்று பேர். புதுச்சேரியில் இதுக்குப் பழைய பேர் துபாஷி. இரண்டு பாஷைக்காரன்.

துபாஷி என்பது இங்கே வெறும் மொழிபெயர்ப்பாளர் வேலையாக இருந்ததில்லை. கம்பெனிக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பது, வியாபாரிகளை அமர்த்துவது, பஞ்சாயத்து பண்ணுவது எல்லாம் அவர் கையில். துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பைப் படித்தால், நடுவில் நிற்பவனுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரியும். வாய்க்கும் காதுக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறானோ அவன்தான் செய்தியைத் தீர்மானிக்கிறான். அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் யார்? வணிகத்தில் பணம் சேர்த்த, சாதியில் நமக்கு மேலே என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள். பறச்சேரியிலிருந்து ஒருத்தரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

நடுவில் நிற்பவன் நேர்மையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் துபாஷிகளின் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர் நைநியப்ப பிள்ளை தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1716இல் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். தமிழில் சொன்ன சாட்சியங்களைப் பிரெஞ்சில் எழுதினார்கள். நடுவில் நின்று மொழிபெயர்த்தவன், அவருக்குப் பகையாக இருந்த சேசு சபைப் பாதிரிமாரின் ஆள். கசையடி, சிறை, சொத்துப் பறிப்பு என்று தீர்ப்பு. 1717இல் சிறையிலேயே செத்துப்போனார். பிறகுதான் தீர்ப்பு ரத்தானது. பணமும் பதவியும் இருந்தவருக்கே இந்தக் கதி. நம்ம ஜனம் பேசும்போது நடுவில் யார் நிற்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்க.

அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இன்னொரு செய்தி. கிறித்தவக் கோயிலுக்குள்ளே பறையர்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. பறச்சேரிக்காரர்களும் வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தவர்களும் கூட்டமாகப் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. எழுதியவர் நம்ம பக்கம் நிற்பவர் இல்லை. ஆனாலும் பதிவாகியிருக்கிறது. இதில் நான் கவனிப்பது ஒன்றுதான்: துபாஷி யாரையும் வைத்துக்கொள்ளாமல் நேராகப் போய்ப் பேசியிருக்கிறார்கள்.

ஆகவே பிரெஞ்சு மேல்சாதி வீட்டுச் சொத்து என்று யாரும் தயங்க வேண்டாம். நம்ம தெருக்களிலும் சொல்தா குடும்பங்கள் இருக்கின்றன. 1956 ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றுகூட எழுதினார்கள். 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. தெல்ஃப், தால்ஃப் என்று படிப்படியாகப் பரீட்சைகள் இருக்கின்றன. தெல்ஃப் பே-2 முடித்தால் பேச்சுக்குத் தைரியம் வரும். இந்தத் தொழிலுக்கு அதற்கு மேலே, தால்ஃப் அளவுக்குப் போக வேண்டும். இது முதல் தேவை.

ஆனால் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப்பேர். இப்போ கையில் இருக்கிற போனே மொழிபெயர்த்துவிடுகிறது. பிறகு நம்மை எதுக்குக் கூப்பிடணும்? ஒரு உதாரணம் சொல்றேன். சேரியில் ஒரு அம்மா சொல்றாங்க: "ஊர்ல எங்களுக்குத் தண்ணி விடமாட்டாங்க." பிரெஞ்சில் ஊர் என்றாலும் 'விலாழ்', சேரி என்றாலும் 'விலாழ்'. மேல்தெருவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் 'கிராமத்தில் தண்ணீர் வருவதில்லை' என்று சொல்லிவிடுவார். பாரீசில் பார்க்கிறவன் இது வறட்சி என்று நினைத்துக்கொள்வான். அந்த அம்மா சொன்னது வறட்சி இல்லை, தீண்டாமை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கோடு மொழிபெயர்ப்பில் அழிந்துபோகிறது. சேரியில் பிறந்தவன் காதுக்கு அது தப்பாது.

இன்னொன்று. நிலக்காரர் வீட்டுப் பையன், தாத்தா வயசுக்காரரை "வாடா" என்கிறான். அதைப் பிரெஞ்சில் 'தூ' என்று சொன்னால் அவமானம் போய்ச் சேராது. அங்கே சிநேகிதனும் 'தூ'தான், பெண்டாட்டியும் 'தூ'தான். அந்த இடத்தில் நிறுத்தி, "இவர் வயசு அறுபது, அவன் வயசு இருபது, திருப்பி இவர் அப்படிக் கூப்பிட முடியாது" என்று விளக்க வேண்டும். அதுதான் ஆலோசனை. அதுக்குத்தான் காசு.

'பாரியா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்க. பறையர் என்கிற நம்ம பேர் போர்ச்சுக்கீசியர் வழியாகப் போய், ஒதுக்கப்பட்ட எவனுக்கும் பொதுப்பெயராகப் பிரெஞ்சில் நிலைத்துவிட்டது. 1922இல் ஹோ சி மின் பாரீசில் குடியேற்ற நாட்டுத் தோழர்களோடு நடத்திய பத்திரிகைக்கே 'லெ பாரியா' என்று பேர். அவர் அதைப் போராட்டப் பெயராக எடுத்தார். ஆனால் ஒரு நிருபர் இங்கே வந்து, சம்பந்தமில்லாத யாரையோ சொல்ல அந்தச் சொல்லை வீசும்போது, இது இங்கே உயிரோடு இருக்கிற மனுசர்களின் சாதிப் பேர் என்று சொல்ல வேண்டியது நாம். எதிரில் இருப்பவர் தலித் என்கிறாரா, ஆதிதிராவிடர் என்கிறாரா, பறையர் என்றே சொல்கிறாரா என்று அவரையே கேட்டு அதையே எழுதச் சொல்ல வேண்டும்.

நடுவில் நிற்பவர் ஒழுங்காக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு வீரம்மா இருக்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிவேலை செய்த, பாட்டுப் பாடுகிற தலித் பெண். அவர் தமிழில் சொன்ன தன் வாழ்க்கையை ஜோசியான் ராசின் வருஷக்கணக்கில் பதிவு செய்தார். ழான்-லுக் ராசினோடு சேர்ந்து 1995இல் பிரெஞ்சில் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் ஆசிரியர் வரிசையில் முதல் பேர் வீரம்மா. 'தகவல் தந்தவர்' என்று பின்பக்கத்தில் போடவில்லை.

இனி பிழைப்புக்கு வருவோம். தனியா நிற்கிறவனுக்கு மாசம் முப்பது நாளும் வேலை வராது. எட்டு நாள் வந்தால் பெரிசு. அப்படியானால் எட்டு நாள் கூலி முப்பது நாள் அரிசிக்கும் வாடகைக்கும் வர வேண்டும். டிரைவர் கூலியைப் பார்த்துவிட்டு நம்ம கூலியைச் சொல்லக் கூடாது. காசு கேட்க நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம். 'குடுக்கிறத குடுங்க சார்' என்பது பண்ணையத்தில் பழகின பேச்சு. அது இந்தத் தொழிலில் ஆளைக் கொன்றுவிடும். நாள் கூலி தனி, எட்டு மணி நேரத்துக்கு மேலே தனி, போக்குவரத்து தனி, பதிவைக் கேட்டு எழுதுவது நிமிஷக் கணக்கில் தனி. பாதிப் பணம் முன்பணம். எல்லாம் எழுத்தில். ஒரு படக்குழு வேலை முடிந்து விமானம் ஏறியபிறகு மீதிப் பணத்தை மறந்துவிட்டது. மின்னஞ்சலில் அவங்க ஒத்துக்கொண்ட வரியை நான் திருப்பி அனுப்பினேன், அப்புறம்தான் வந்தது. முடிவில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் நம்ம பேர் வரணும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்க. அடுத்த வேலை அந்தப் பேரைப் பார்த்துத்தான் வரும்.

சட்டமும் தெரியணும். செய்தி எடுக்க வருகிறவருக்குப் பத்திரிகையாளர் விசா வேண்டும். ஆவணப்படத்துக்கு முன்கூட்டியே இந்தியத் தூதரகம் மூலம் அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து 'சும்மா ஒரு சின்னக் கேமராதான்' என்பார்கள். பிடிபட்டால் அவர் ஊருக்குப் போய்விடுவார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது நீங்கள். கோரிமேட்டு எல்லையைத் தாண்டினாலே வேறு மாநிலம், வேறு அதிகாரி, வேறு மனு. இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பவனைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, மாட்டேன் என்று சொல்லத் தெரியணும். ஒரு குழுவுக்குச் சாக்கடையில் இறங்குகிற காட்சி வேண்டியிருந்தது. காசு கொடுக்கிறோம், ஒருத்தரை இறங்கச் சொல் என்றார்கள். "முசே, அது நடக்காது. 2013 சட்டப்படி குற்றம், அதோடு அவர் எங்க தெருக்காரர்" என்றேன். இரண்டு நாள் கூலி போனது. போகட்டும். வேலையை விட்ட பலபேர் அந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவார்கள் என்றும் சொன்னேன். கேமராவுக்கு அது போதவில்லை. படம் எடுத்தவர் போய்விடுவார். பேசினவர் இங்கேயே இருப்பார். படம் வந்தபிறகு ஊர்க்காரன் தடியோடு வந்து நிற்பது அந்த அம்மாவின் வாசலில். முகத்தைக் காட்டலாமா, பேரைச் சொல்லலாமா என்பதை அவங்களுக்குப் புரிகிற தமிழில் கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் கேமராவைத் திறக்கவே விடணும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகத்துக் கேமராவெல்லாம் நாகப்பட்டினம், காரைக்கால் கரைக்கு வந்தது. எத்தனை படகு போச்சு என்றுதான் முதல் கேள்வி. படகு இல்லாத தலித் கூலிகள், மீன் சுமந்தவர்கள், உப்பு நுழைந்த வயலில் வேலை இழந்தவர்கள் அந்தக் கேள்விக்குள்ளே வரவே இல்லை. நிவாரணத்தில் அவர்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதின. வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற துபாஷி 'இன்னும் ஒரு கிலோமீட்டர் உள்ளே போங்க' என்று சொல்லியிருந்தால் செய்தி மாறியிருக்கும். அந்த முன்சீட்டில் நம்ம பிள்ளைகள் உட்காரணும். பிரெஞ்சு படியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கோரிமேட்டுக்காரங்களுக்குப் பயிற்சிக்கு வெளியே போக வேண்டியதில்லை. ஜிப்மர் வாசலில் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த ஜனம் நிற்கிறது. உள்ளே பல மாநிலத்து டாக்டர்கள். "மாருல படபடன்னு அடிக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பதை ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூட்டாமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்க. அங்கே தப்பினால் மருந்து மாறிவிடும். அந்தப் பயம் வந்தபிறகு பிரெஞ்சில் நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.

தனியா நிற்கணும் என்றால் ஒத்தையா நிற்கணும் என்று அர்த்தமில்லை. நாலைந்து பேர் சேருங்க. கூலியைப் பேசி வைத்துக்கொள்ளுங்க, ஒருத்தர் கேட்டதைவிடக் குறைத்து இன்னொருத்தர் போகாதீங்க. ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்யுங்க: உங்க அம்மாவையோ பாட்டியையோ உட்கார வைத்து ஐந்து நிமிஷம் அவங்க போக்கில் பேசச் சொல்லுங்க. ஒருத்தர் பிரெஞ்சில் சொல்லட்டும். அந்தத் தமிழைக் கேட்காத இன்னொருத்தர் பிரெஞ்சை மட்டும் கேட்டுத் திரும்பத் தமிழில் சொல்லட்டும். நான் சொன்னது இதுதானா என்று அந்த அம்மாவே தீர்ப்புச் சொல்லட்டும். வர்ற ஞாயிறே தொடங்கலாம். நான் வருகிறேன்.