பல் வைத்தியரும் துயில் நோயும்

பண்டத்தரிப்பில் 1820 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷன் வைத்தியரான ஜோன் ஸ்கடர் தமது பணியைத் தொடங்கினார். நோயாளரைக் கவனித்ததோடு அமையாது, தமிழ் இளைஞர் சிலருக்கு வைத்தியத்தையும் பயிற்றினார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அப்பணியை மேலும் விரித்தார். கிறேயின் உடற்கூற்று நூல் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியாலேயாம். வகுப்பை முடித்து ஊருக்குச் சென்ற வைத்தியர் ஐயம் நேர்ந்தவிடத்துப் புரட்டிப் பார்க்கத்தக்க நூல் அது.

பல் வைத்தியர் இன்று அவ்வாறு மீண்டும் கற்கவேண்டிய துறைகளுள் ஒன்று துயில் மருத்துவம். பல்லுக்கும் நித்திரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நாவின் பெருந்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்திலே பற்றியிருக்கிறது. நித்திரையில் தசைகள் தளர, நா பின்னே சரிந்து தொண்டையை அடைக்கிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, பின் திணறலுடன் மீள்கிறது. கடும் நோயில் இது மணிக்கு முப்பது முறையும் அதற்கு மேலும் நிகழும். குறட்டை விடுபவர் ஆழ்ந்து உறங்குவதாக வீட்டார் எண்ணுவர். பாவம், அவர் உறங்குவதேயில்லை. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பகலில் வாகனம் ஓட்டும்போதே கண் அயர்ந்துவிடுகிறது.

இந்த நோயாளர் துயில் வைத்தியரை நாடுமுன்னரே பல்வலியோடு பல் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்துவிடுவதுண்டு. பின்தள்ளிய கீழ்த்தாடை, பற்றடம் பதிந்த நா விளிம்பு, பெருத்த தொண்டைச் சதை, தேய்ந்த பற்கள் ஆகியன அங்கே கண்முன் இருக்கின்றன. இவை மட்டும் நோயை நிலைநாட்டா, ஆயினும், “இரவில் குறட்டை உண்டா?” என்று வினவத் தூண்டப் போதியன. அப்படி வினவக் கற்றவர்க்கே அவை பொருள்படும்.

1981 இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவியே இன்றும் முதன்மைச் சிகிச்சை. முகமூடி அணிந்து உறங்க இயலாதார் பலர். அவர்க்குக் கீழ்த்தாடையைச் சற்றே முன்னிழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவி உதவும். அமெரிக்கத் துயில் மருத்துவச் சங்கமும் பல்சார் துயில் மருத்துவச் சங்கமும் 2015 இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி இதனை ஏற்றது. நோயை நிர்ணயிப்பது மருத்துவர் கடமை. கருவியை அளந்து பொருத்துவது தகுதி பெற்ற பல் வைத்தியர் கடமை. 2017 இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இப்பிரிவினையை வற்புறுத்தி, இடையறாத தொடர்கல்வியையும் வேண்டிற்று.

அளவெடுக்கும் கைத்திறன் பல் வைத்தியர்க்கு ஏலவே உண்டு. கற்கவேண்டியது பிறிது: துயிற்சோதனை அறிக்கையை வாசித்தல், தாடையைப் படிப்படியாக முன்னகர்த்தல், பற்கள் கடித்துப் பொருந்தும் முறை மாறுகிறதா, தாடை மூட்டு நோகிறதா என ஆண்டுதோறும் பார்த்தல். குறட்டை நின்றதுகொண்டு நோய் நீங்கிற்று என்று கருதுவது பெரும் ஆபத்து. ஓசை அடங்கிய பின்னும் மூச்சுத்தடை தொடரக்கூடும். ஆகவே கருவியை அணிந்தபடியே மறுபடி துயிற்சோதனை செய்வித்தல் வேண்டும்.