கொப்பியில் எழுதி வைத்த மனிதர்

(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



படம் எடுப்பது பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். கமராவை எப்படிப் பிடிக்கிறது எண்டு நான் சொல்லித்தர வேண்டிய காலம் போய்விட்டது. உங்கட பேரப்பிள்ளையள் கைத்தொலைபேசியில் என்னை விட வடிவாக எடுக்கினம். ஆகவே நான் ஒரு மனிதரைப் பற்றியும் ஒரு நகரத்தைப் பற்றியும் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன். நகரம் சிக்காகோ. மனிதர் சார்ள்ஸ் குஷ்மன். அவர் பெரிய கலைஞரும் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை. பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர்.

குஷ்மன் 1896 இல் அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் போசிவில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1917 இல் இன்டியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் வியாபாரத் துறையில் வேலை பார்த்தார். 1938 தொடக்கம் 1969 வரை, முப்பத்தொரு வருடம், ஏறத்தாழ 14,500 கலர் ஸ்லைட்டுகள் எடுத்தார். 1972 இல் காலமானபோது அத்தனையையும் தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே விட்டுச் சென்றார். பெட்டிகள் அங்கே பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2000களின் தொடக்கத்தில்தான் அவற்றைக் கணனியில் ஏற்றி எல்லோரும் பார்க்க விட்டார்கள். 2012 இல் எரிக் சான்ட்வைஸ் என்ற வரலாற்றாசிரியர் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் பாவித்த பிலிம் கொடாக்குரோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கமராவுக்கான கொடாக்குரோம் 1936 இல்தான் வந்தது. குஷ்மன் இரண்டு வருடத்திலேயே அதைப் பிடித்துக் கொண்டார். அந்தக் காலத்தில் படத்தைப் பெரிய விஷயமாக எடுத்துக் கொண்டவர்களில் அநேகர் கறுப்பு வெள்ளையில்தான் நின்றார்கள். கொடாக்குரோம் பிலிமுக்குள் சாயமே இல்லை. பிலிமைக் கழுவும்போதுதான் மூன்று நிறமும் சேர்க்கப்பட்டன. அதனால் வீட்டில் கழுவ ஏலாமல் இருந்தது, நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டி இருந்தது. ஆனால் இருட்டில் பத்திரமாக வைத்தால் அந்த நிறம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். எங்கட வீடுகளில் இருக்கிற 1980களின் கலர்ப் படங்களை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. மாப்பிள்ளையின்ர வேட்டி எல்லாம் சிவந்துபோய் இருக்கும். குஷ்மனின் 1941 ஆம் ஆண்டு வானம் இப்பவும் நீலம்.

அந்தப் பிலிமின் வேகமும் மிகக் குறைவு. தொடக்கத்தில் ஏறத்தாழ 10. பின்னாளில் நாங்கள் கடையில் வாங்கினது 200, 400. ஆகவே நல்ல வெயில் வேண்டும். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் எடுத்த இடிந்த வீடு, உடைந்த படிக்கட்டு, குப்பை கொட்டின முடுக்கு எல்லாமே நல்ல வெயிலில் பளபளவென்று இருக்கின்றன. வறுமை கூட அழகாகத் தெரிகிறது. படத்தை நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சிக்காகோவில் அவர் போன இடங்களில் ஒன்று மக்ஸ்வெல் ஸ்ரீற் சந்தை. கிழக்கு ஐரோப்பாவில் இருந்து அடிபட்டு ஓடிவந்த யூதர்கள் தள்ளுவண்டி வைத்துத் தொடக்கிய சந்தை அது. பிறகு தெற்கு மாநிலங்களில் இருந்து வந்த கறுப்பின மக்களும் அங்கே விற்றார்கள், வாங்கினார்கள், தெருவில் நின்று புளூஸ் பாடினார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதி போல வந்தவர்கள். சிக்காகோவின் தென்பகுதியில் ஒடுங்கின ஒரு வட்டாரத்துக்குள் அவர்களை அடைத்து வைத்தார்கள். வேறு இடத்தில் வீடு கொடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டை நாலாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். இது எங்களில் பலருக்கு விளங்காத கதை இல்லை.

1949 இல் ஒரு வீடமைப்புச் சட்டம் வந்தது. சேரி என்று சொல்லப்பட்ட இடங்களை வாங்கி இடிக்க நகரங்களுக்கு மத்திய அரசு காசு கொடுத்தது. 1956 இல் விரைவுச்சாலைச் சட்டம் வந்தது. செலவில் பத்தில் ஒன்பது பங்கு மத்திய அரசு. காசு வந்தால் புல்டோசரும் வரும்தானே. சந்தைத் தெருவின் ஒரு பகுதி விரைவுச்சாலைக்குப் போனது. 1994 இல் பல்கலைக்கழகம் ஒன்றின் விரிவாக்கத்துக்காக மிச்சச் சந்தையும் இடம் மாற்றப்பட்டது. தென்பகுதியில் இடித்த இடங்களில் மாடிகளைக் கட்டினார்கள். ரொபேட் ரெயிலர் ஹோம்ஸ் என்று பதினாறு மாடியில் 28 கட்டடங்கள், 1962 இல் முடிந்தன. 2007க்குள் அவற்றையும் இடித்துத் தள்ளியாயிற்று. பழைய வீட்டுக்குப் பதிலாக வந்தது ஒரு மனிதரின் ஆயுளுக்குக் கூட நிற்கவில்லை. குஷ்மன் 1950களில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோய் அங்கேயும் எடுத்தார். அது வேறு கதை, இன்றைக்கு நேரம் காணாது.

அவர் படத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வைத்திருந்த சின்னக் கொப்பிகள். ஒவ்வொரு படத்துக்கும் இலக்கம், திகதி, இடம், கமராவில் வைத்த அளவு எல்லாம் எழுதி வைத்தார். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அந்த 14,500 படமும் வடிவான பழைய படங்கள், அவ்வளவுதான். கொப்பி இருக்கிறபடியால், இன்றைக்கு ஒருவர் அதே முடக்கில் போய் நின்று, எது போனது, எது மிஞ்சியது என்று பார்க்கலாம்.

ஆனால் ஒரு குறை சொல்லாமல் விட ஏலாது. அந்தக் கொப்பிகளில் தெருப் பெயர் இருக்கும். படியில் இருக்கிற பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் வசதியான வெள்ளைக்காரர். கதைத்தாரோ, தூரத்தில் நின்று எடுத்தாரோ, படம் சொல்லாது. அந்தப் பிள்ளையின் தாய் வீட்டில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதில் பெயர் இருந்திருக்கும், தெரு இருந்திராது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு வரலாறு.

அதே சிக்காகோவில் விவியன் மையர் என்ற பெண் இருந்தார். 1926 இல் நியூயோர்க்கில் பிறந்து, 1956 தொடக்கம் சிக்காகோப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவர். நெஞ்சளவில் பிடித்துக் குனிந்து பார்க்கிற றொலிஃபிளெக்ஸ் கமராவால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பல றோல்களைக் கழுவவே இல்லை. வாடகை கட்டாமல் விட்ட களஞ்சிய அறையில் இருந்தவை 2007 இல் ஏலத்தில் போயின. 2009 இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. கலை என்று பார்த்தால் குஷ்மனை விட மையர் எவ்வளவோ மேல். ஆனாலும் அவர் எடுத்த முகங்களில் எத்தனையோ, எந்தத் தெரு எந்த வருடம் என்று தேடித்தான் பிடிக்க வேண்டி இருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

இனி எங்கட கதைக்கு வாறன். நாங்கள் 1980களின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் இருந்தோம். ஒரு அறைக்குள் ஆறு பேர், ஏழு பேர். அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. மரக்கறி, வீடியோ கசெற், ஊர்க் கடிதம் எல்லாம் அங்கேதான். இப்ப அந்தக் கடை இல்லை. கடை வாசல் தெரிகிற படம் ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று நான் பல பேரைக் கேட்டுப் பார்த்தேன். இல்லை. கலியாண வீட்டு அல்பம் இருக்கிறது, சாமத்திய வீட்டு அல்பம் மூன்று இருக்கிறது, தெரு இல்லை. ஏன் தெரியுமோ? இரண்டு வருடத்தில் திரும்பிப் போறதுதானே எண்டு நினைத்தோம். போகிற இடத்தை யார் படம் எடுப்பான்? பக்கத்தில் றீஜன்ற் பார்க் இருக்கிறது. 1940களின் கடைசியில் பழைய வீடுகளை இடித்துக் கட்டிய அரச குடியிருப்பு. 2005க்குப் பிறகு அதையும் இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே இருந்த எங்கட ஆக்களிடமும் கேட்டேன். அதே பதில்தான்.

ஊரில் விட்டு வந்த படங்களைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை. அது எல்லோருக்கும் நெஞ்சில் இருக்கிறது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்டவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கினம். நான் சொல்வது இங்கே வந்த பிறகு எடுத்தவை. அவை எரியவில்லை. கட்டிலுக்குக் கீழே, சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கின்றன. படத்தில் நிற்கிற ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் பெயர் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார், அவருக்கு எண்பது வயது.

ஆகையால் ஒரு வேலை தொடங்குகிறோம். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, இதே மண்டபத்தில், ஸ்கானரோடு இரண்டு மேசை போடுகிறோம். இளம் பிள்ளையள் நாலு பேர் உதவிக்கு வருகினம். உங்கட படங்களை அல்பத்தில் இருந்து பிய்த்துக் கொண்டு வராதேங்கோ. பசை ஒட்டின அல்பம் எண்டால் அல்பத்தோடேயே கொண்டு வாங்கோ. பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கோ. பேனை மை மறுபக்கம் ஊறும். பெயர், இடம், வருடம், ஆர் எடுத்தது. வருடம் சரியாகத் தெரியாவிட்டால் "மூத்தவன் பிறந்த வருடம்" எண்டு எழுதினாலும் போதும், நாங்கள் கணக்குப் பார்ப்போம். படத்தைத் திருப்பி உங்கட கையில் தருவோம். நல்ல உடுப்புப் போட்டு எடுத்ததுதான் வேண்டும் எண்டில்லை. பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற படம், தொழிற்சாலை வாசல், முதல் வாங்கின பழைய கார், வீட்டுக் குசினி, இதுகள்தான் முதலில் வேண்டும்.

அந்தத் தமிழ்க் கடை வாசல் யாருடைய படத்திலாவது பின்னுக்குத் தெரிந்தால் எனக்கு இரவிலும் போன் எடுக்கலாம்.

தேநீர் வருகுது எண்டு சொல்லுகினம். கேள்வி இருந்தால் குடித்துக் கொண்டே கேளுங்கோ.